வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

கூடாரத்து வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து கூடுதலாக இருந்தது.

வழிகாட்டி கிரெக்கின் மாற்றுச் சோடியாக்கும் என்று பேர்ள் நினைத்தாள். டாஸ்மேனியாவின் தென்மேற்கில், பாதை என்று ஒன்றே கிடையாத இந்தப் புல்வெளியில், சிறு விமானம் அவர்கள் மூவரை மட்டும்தான் இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஒருவர் தடத்தில் மற்றவர் மிதித்தால் புல் செத்துப் பாதை விழுந்துவிடும் என்று கிரெக் அவர்களை விலகி விலகி நடக்க வைத்தான். சப்பாத்தை உள்ளே எடுத்து வைக்கவும் சொன்னான். அவள் புருஷன் எறிக் கேட்டால்தானே? தங்கள் நார்த்மீட் வீட்டில் போல வாசலில் கழற்றி வரிசையாக வைத்தால்தான் அவனுக்கு நித்திரை வரும். சப்பாத்து வெளியே இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மன்னாரில் அவன் அப்படித்தான் வளர்ந்தான்.

கிரெக் தன்னுடையதல்ல என்றான். விடாத மழையிலும் அந்தப் பழைய தோல் காய்ந்து வெடித்திருந்தது. சுற்றிலும் சேற்றில் ஒரு தடமும் இல்லை. யாரோ வழி தவறியிருக்கிறார்கள் என்று சாட்டிலைட் போனோடு மூடுபனிக்குள் போனவன், மதியம் கடந்தும் திரும்பவில்லை. பனி விலகாமல் விமானமும் வராது.

எறிக் தன் சப்பாத்தை மாட்டினான்.

"போகாதேங்கோ எறிக். எனக்குப் பயமாக் கிடக்கு."

"கிட்டத்தான். அவரைக் கூட்டிக்கொண்டு வாறன். நீர் வெளியில வராதேயும்."

அவன் நீல மழைச்சட்டை பத்தடியில் மறைந்தது. பேர்ள் வாசல் சிப்பை இழுத்து மூடி, கூடாரத் துணியில் மழை தட்டுவதையும், எங்கோ தண்ணீர் ஓடுவதையும், அதற்குள் அவன் காலடி கேட்கிறதா என்றும் கேட்டபடி செபமாலையை உருட்டினாள். அவன் வரமாட்டான் என்று மனதுக்குத் தெரிந்துவிட்டது. விரல்கள் மட்டும் உருட்டிக்கொண்டிருந்தன.

வெளிச்சம் மங்கும்போது வாசலில் சத்தம். யாரோ லேஸ் அவிழ்க்கிறார்கள். ஒரு சப்பாத்தை வைத்தார்கள். மற்றதையும்.

"எறிக்?"

சிப்பைக் கொஞ்சம் இறக்கினாள்.

பழைய சோடி. கிரெக்கின் சோடி. எறிக்கின் சோடி. வரிசையாக. நுனிகள் உள்நோக்கி. மழையில் நனையாமல்.

வெளியே யாரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் ஈரக் காலுறை மணம். மெத்தை நெரியும் சத்தம். மூச்சு.

அவள் திரும்பினாள்.

யாரும் இல்லை. காற்றடைத்த மெத்தைகளில் மூன்று ஆள் பள்ளம். நடுவில் அவளுக்கு இடம் விட்டிருந்தது.