தங்கக் காது

பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் திறந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. பழைய வீடு. முன்னறையைத் தாண்டினால் ஒரு குறுகலான நடை, அதன் கோடியில் சுவரெல்லாம் மெத்தை அடித்த ஓர் அறை. அதற்குள் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. மற்றதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, அதில் உட்காரத் துணிவும் வரவில்லை.

ஊர் உலகத்துக்கு அவர் 'தங்கக் காது'. அவர் எழுதிய மதிப்புரையைப் படிக்காமல் யாரும் ஹெட்ஃபோன் வாங்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காது அவருடையதே அல்ல. இளமையில் மேடை ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தே அவர் காது பாதி போய்விட்டது. மெல்லிய ஓசை எதுவும் எட்டாது. கேட்டவள் அவர் மனைவி. கண்ணை மூடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு "எழுதிக்கோங்க" என்பாள், அவர் எழுதுவார். பாட்டு முடிந்தால் வீடியோ கேம். அவர் திரையில் ஆட, எதிரியின் காலடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவள் விரலால் காட்டுவாள். ஒருமுறைகூட அந்த விரல் தப்பியதில்லை.

மதிப்புரையின் அடியில் அவர் பெயர் மட்டும் இருக்கும்.

"என் பேரையும் போடுங்களேன்" என்பாள்.

"அடுத்த தடவை போடுறேன்" என்பார்.

"சரி" என்று எழுந்து போவாள், வார் அறுந்த செருப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு. அந்தச் சத்தம்கூடக் கடைசிக் காலத்தில் அவருக்குக் கேட்டதில்லை. இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிற அவள் தம்பிதான் "மாமா, இது நியாயமே இல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்வான். அவர் சிரித்து மழுப்பிவிடுவார். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோனது.

அதன் பிறகு, மற்றவர்கள் எழுதியதில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கிள்ளிப்போட்டு ஒப்பேற்றி வந்தார். இந்த முறை அது நடக்காது. இது இன்னும் கடைக்கே வராத ஹெட்ஃபோன். முதல் மதிப்புரை தங்கக் காதுடையதாக இருக்க வேண்டும் என்று நிறுவனம் அவருக்கு மட்டும் அனுப்பியிருந்தது. காப்பியடிக்க உலகத்தில் ஓர் ஆள் இல்லை. நாளைக் காலைக்குள் எழுதாவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

பிரித்தார். வயர் இல்லாத பிளானர் ரகம். உள்ளே கூம்புக்குப் பதிலாக, காந்தங்களுக்கு நடுவே வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு படலம். அது மொத்தமாக அதிர்ந்து பாடும். மாட்டிக்கொண்டு, எப்போதும் சோதிக்கிற பாட்டைப் போட்டார்.

பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. வயலின் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். இப்படி நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனாளே என்று அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. அப்படிப்பட்ட மனிதர்.

சரி, கேமையாவது பார்ப்போம் என்று பயிற்சி மைதானத்தைத் திறந்தார். எதிரியோ துணையோ இல்லாத வெற்று மைதானம்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஹெட்ஃபோனின் புதுத் தோல் நெடிக்கு அடியில், அவள் நெற்றியில் தடவுகிற தலைவலித் தைலம்.

சரக்.

பின்னால், இடப்பக்கம்.

திரையில் திரும்பிப் பார்த்தார். மணலும் சுவரும்தான்.

சரக். சரக்.

எத்தனையோ வருஷமாக அவருக்கு எட்டாத ஓசை, இப்போது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கேமை நிறுத்தினார். செருப்பு நிற்கவில்லை. பக்கத்து நாற்காலிவரை வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் திரும்பவில்லை.

"எழுதிக்கோங்க."

கை தானாகவே கீபோர்டுக்குப் போனது.

"பேஸ் ஆழமா இருக்கு, ஆனா மத்த சத்தத்தை மிதிக்கல. பாடுறவங்க குரல் ஒரு அடி பின்னால நிக்குது. வயலின் மேல போறப்ப கொஞ்சம் குத்துது. கேம்ல காலடி எந்தப் பக்கம்னு துல்லியமா தெரியுது, எவ்வளவு தூரம்கிறதுலதான் ஏமாத்துது. ரொம்ப நேரம் போட்டா கழுத்து வலிக்கும்னு மறக்காம எழுதுங்க."

மூச்சு விடாமல் அடித்தார். கண்ணில் நீர் முட்டியது. பயம் ஒரு பக்கம், பிழைத்தோம் என்ற நிம்மதி ஒரு பக்கம். இரண்டில் நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

"கடைசில என் பேரைப் போடுங்க."

விரல்கள் நின்றன. அந்த ஒரு பெயரைப் போட்டால் போதும், பழைய மதிப்புரைகள் அத்தனையும் யாருடையவை என்று கேள்வி வரும். அவர் மானம் சந்தி சிரிக்கும்.

"அடுத்த தடவை போடுறேன்" என்றார் மெதுவாக.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"சரி."

செருப்புச் சத்தம் நடை வழியாகத் தேய்ந்து போனது. அவர் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

மேஜையைத் தட்டினார். இல்லை.

வாய்விட்டுக் கத்தினார். தொண்டை அதிர்ந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மைத்துனன் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அறைக்குள் வந்து செல்போனை நீட்டினான். தங்கக் காதுன்னா சும்மாவா என்று பாராட்டு மேல் பாராட்டாக வந்து குவிந்திருந்தது.

"காது கேக்கல மச்சான். சுத்தமா கேக்கல" என்றார். சொன்னது தனக்கே கேட்கவில்லை.

மைத்துனன் பதறி ஏதோ கேட்டான். பிறகு அவன் பார்வை பக்கத்து நாற்காலிக்குப் போனது. ஹெட்ஃபோன் அங்கே இருந்தது. அவர் அதை அங்கே வைக்கவில்லை. எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, காதில் மாட்டினான். ஹெட்ஃபோனின் சின்ன விளக்கு எரியவில்லை. அது அணைந்துதான் இருந்தது.

அவன் முகம் வெளுத்தது. உதடுகள் அசைந்தன. என்ன சொன்னான் என்று அவருக்கு உதட்டிலேயே தெரிந்தது.

அக்கா.

"என்ன சொல்றா? என்ன சொல்றா, சொல்லுடா!"

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். முதல் வரியில் தன் அக்காவின் பெயரை அடித்தான். அதன் கீழே, அவர் ஆதியில் வெளியிட்ட முதல் மதிப்புரையின் தலைப்பு. பிறகு காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே மேலும் அடித்துக்கொண்டு போனான்.

அவர் நின்று படித்துக்கொண்டிருந்தார். தைல வாசனை மட்டும் அவருக்கும் வந்தது.