துவாரகாவின் புள்ளி

கம்பியூட்டரைத் தொடுவதற்குச் சண்டை போடும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொடாமல் இருப்பதற்குச் சண்டை போட்டவர்கள் நாங்கள்தான்! தெமோதரைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் எங்கள் பள்ளிக்கூடம். அதற்கு வந்த முதல் கம்பியூட்டர் அது.

"டேய் ஜெயகுமாரு, மேசைய ஆட்டாத! படம் போயிரும்!" என்று நான் கத்துவேன்.

படம் என்றால் ஸ்கிரீன் சேவர். கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் போதும். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மிதந்து வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்ததும், நடுவில் ஒரு கோடு விழும். அப்படியே கோடு கோடாகச் சேர்ந்து பெரிய வலை ஆகிவிடும்.

"இந்தக் கோட்டை யாரு சேர் போடுறது?" என்று ஒருநாள் எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, சிவசக்தி" என்றார் அம்பலவாணர் சேர். "ஒவ்வொரு புள்ளியும் தன்ர பக்கத்துப் புள்ளியை மட்டும்தான் பார்க்கும். வலை தன்பாட்டில வரும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் தோட்டத்தில் கங்காணி சத்தம் போடாமல் ஒரு வேலையும் நடக்காதே!

சேரின் மகள் துவாரகா முதலாம் வகுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவள் தன் ஊர்த் தமிழில் பேசினால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் பேசுவதையே விட்டுவிட்டாள். எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு படம் காட்டுவேன்.

திரையின் மூலையில் ஒரு புள்ளி தனியாக நின்றது.

"அக்கா, அது நான்" என்றாள் துவாரகா.

"போடி! அசையாம இரு. கோடு வரும்."

"வராட்டி?"

"அசையாம இருந்தா கட்டாயம் வரும்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு புள்ளி மெல்ல மிதந்து வந்தது. கோடு விழுந்தது. அவள் துள்ளிக் குதித்தாள். மேசை ஆடிப் படமே போய்விட்டது.

அடுத்த வாரம், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மூடுபனி இறங்கியது. நாலு தேயிலைச் செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு துவாரகா மலைக்குள் போய்விட்டாள்.

"ஐயோ, என்ர பிள்ளை!" என்று சேர் ஓடினார். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று "துவாரகா! துவாரகா!" என்று கத்தினார்கள். மலை அதைத் திருப்பித் திருப்பிக் கத்தியது.

மலை முழுக்க மழைத்தண்ணீர் ஓட வெட்டிய ஆழமான கான்கள். சத்தம் கேட்கும் பக்கமெல்லாம் பிள்ளை ஓடினால் விழுந்துவிடுவாளே!

"எல்லாரும் வாய மூடுங்க!" என்று அலறினேன்.

மூடினார்கள். சேரும்தான்.

"நாமதான் புள்ளி. பக்கத்து ஆளுக்குக் கேக்குற மாதிரி மெதுவா 'கூ'ன்னு சொல்லுங்க. பதில் வந்தா ஒரு எட்டு வைங்க. வராட்டி நில்லுங்க."

"நான்?" என்று கேட்டார் சேர்.

"நீங்களும் புள்ளிதான் சேர். ஜெயகுமாருக்குப் பக்கத்துல நில்லுங்க."

சேர் ஓடிப்போய் நின்றார்.

கூ. கூ. கூ. பனிக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே மலை முழுக்கப் பரவினோம். நான்தான் கடைசி ஆள். எனக்கு ஒரு பக்கம் எங்கள் வகுப்பு மாரியாயி. மறுபக்கம் யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பி, "கூ" என்றேன்.

"கூ" என்று ஒரு குட்டிக் குரல் கேட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். ஒரு கானின் விளிம்பில், நாய்க்குட்டியை அணைத்தபடி துவாரகா நின்றாள். குளிரில் உதடு நடுங்கியது. கால் மட்டும் அசையவில்லை.

"பயந்துட்டியாடி செல்லம்?"

"கொஞ்சம். ஆனா நான் அசையேல்லை அக்கா. அசையாம நிண்டா கோடு வருமெண்டு நீங்கதானே சொன்னனீங்கள்?"

நான் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"வந்திருச்சு பாரு" என்றேன்.