எண்ணூறு கிலோ சாட்சி

முதல் அலறல் கேட்டபோது மேடையில் பாடியவன் பாட்டை நிறுத்தவில்லை.

அந்த விழாவில் அலறல் புதிதல்ல. மாடு துள்ளினால் அலறுவார்கள். பொய்த் துப்பாக்கி வெடித்தாலும் அலறுவார்கள்.

இரண்டாவது அலறல் வேறு மாதிரி இருந்தது.

பாட்டு நின்றது.

தேனுஜா கையிலிருந்த படிவத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு மாட்டுப் பட்டிகளை நோக்கி ஓடினாள்.

ஜெர்மனியில், ஸாவர்லாண்ட் மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய புல்வெளி. வருடத்தில் மூன்று நாள் அது டெக்சாஸ் ஆகிவிடும். டோர்ட்முண்டில் காப்புறுதி விற்பவர் அங்கே ஷெரீஃப். பல் வைத்தியர் வங்கிக் கொள்ளைக்காரர். இருபதாயிரம் பேர், இருபதாயிரம் தொப்பி, இடுப்புக்கு இடுப்பு விளையாட்டுத் துப்பாக்கி.

தேனுஜாவின் தலையில் மட்டும் தொப்பி இல்லை.

முப்பத்துமூன்று வயது. வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தவள். மாவட்ட மிருக வைத்திய அதிகாரி. ரோடியோ என்ற அந்தக் காளைச் சவாரிப் போட்டி நடக்கலாமா, கூடாதா என்று கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான்.

ஆகவே அங்கே அவளைப் பிடித்தவர் எவருமில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கே சண்டை தொடங்கிவிட்டது. சவாரிக்கு முன் மாட்டின் அடிவயிற்றை ஒரு தோல் பட்டையால் இறுக்குவார்கள். அந்த வேதனையில்தான் மாடு துள்ளும். அந்தப் பட்டை கூடாது என்று தேனுஜா எழுதிக் கொடுத்தாள். விழாவின் சொந்தக்காரர் ஊவே கெஸ்லர் கடதாசியைக் கசக்கி அவள் காலடியில் போட்டார். யாருடைய நாட்டில் வந்து சட்டம் பேசுகிறாய் என்று இருநூறு பேர் கேட்கக் கத்தினார்.

என்னுடைய நாட்டில்தான் என்றாள் அவள். பட்டையைக் கட்டினால் உங்கள் கதையை இன்றைக்கே முடித்துவிடுவேன் என்றும் சொன்னாள்.

அந்த வாசகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை...

இப்போது நேரம் பதினொன்று பத்து.

கடைசிப் பட்டிக்குள், வைக்கோலில் குப்புறக் கிடந்தார் கெஸ்லர்.

பிடரியில் இரத்தம். தொப்பி பக்கத்தில் நசுங்கிக் கிடந்தது.

அவருக்கு இரண்டடி தள்ளி நின்றது டோனர். செம்மண் நிறக் காளை. எண்ணூறு கிலோ. பதினொன்றரை மணிச் சவாரிக்கு அதைத்தான் அலங்கரித்து வைத்திருந்தார்கள்.

பட்டியின் கதவு தாழ் போடாமல் திறந்து கிடந்தது.

கதவருகே தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார் யோசப். ஐம்பத்தொன்பது வயது. மன்னார்க்காரர். பதினொரு வருடமாகக் கெஸ்லரின் மாடுகளைப் பார்ப்பவர். அந்தப் புல்வெளியில் அன்று தேனுஜாவைப் பார்த்துச் சிரித்த ஒரே மனிதர். காலையில் ஃபிளாஸ்க்கிலிருந்து பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். மாட்டின் காதில் ஒரு காயம், பூச ஏதாவது தாருங்கோ என்று கேட்டு, அவளுடைய கார் வரைக்கும் கூடவே வந்து களிம்பு வாங்கிக்கொண்டு போனார்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு டோனி வந்தான்.

விழாத் தொழிலில் கெஸ்லரின் பங்காளி. இதே டோனரின் முதுகில் எட்டு விநாடி விழாமல் இருந்து ஆறு வருடம் தொடர்ந்து வென்றவன். வந்த வேகத்தில் யோசப்பின் கழுத்துச் சட்டையைப் பிடித்து வேலியோடு மோதினான். தாழைப் போடாமல் விட்டது நீதானே என்றான்.

யோசப் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

டோனி அவரை உதறிவிட்டுத் தன் வாகனத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் வேட்டைத் துப்பாக்கி.

அந்தப் புல்வெளியில் இருந்த துப்பாக்கிகளில் அது ஒன்றுதான் நிஜம்.

தேனுஜா பட்டிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். பொலீஸ் வரும்வரை எவரும் எதையும் தொடக்கூடாது என்றாள். கூட்டம் கூச்சல் போட்டது. கொலைகார மாட்டைச் சுடு, அவளையும் தள்ளிக்கொண்டு போ என்றது ஒரு குரல். ஒரு பியர்க் கிண்ணம் பறந்து வந்து அவள் தோளில் பட்டுச் சட்டையை நனைத்தது.



அவள் நகரவில்லை.

யோசப் வேலியோரமாக ஊர்ந்து அவளருகே வந்தார். மெல்லிய குரலில் தமிழில் சொன்னார்.

"மாட்டைச் சுட விடாதேங்கோ, பிள்ளை. அது ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

"கதவைத் திறந்து விட்டது நீங்களோ, அண்ணை?"

"அதை விடுங்கோ. முதல்ல மாட்டைப் பாருங்கோ."

டோனி துப்பாக்கியின் குழலை வேலிக் கம்பியில் வைத்துக் குறி பார்த்தான். விலகு என்றான். மூன்று எண்ணுவேன் என்றான்.

அவன் இரண்டு எண்ணும்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னது.

குற்றப்பிரிவு அதிகாரி வோல்ட்டர்ஸ். நரைத்த கட்டை முடி. சிரிப்பதற்கென்று முகத்தில் இடம் விடாத பெண். கூட வந்த இரண்டு பொலீஸ்காரர் டோனியின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார்கள்.

இந்த மாட்டை என்ன செய்வது என்று வோல்ட்டர்ஸ் கேட்டாள். பிணத்தை எடுக்க வேண்டும், மாடு நின்றால் உள்ளே எவரும் போக முடியாது, சுடுவதுதான் வழி என்றால் சுட உத்தரவிடுவேன் என்றாள்.

"ஐந்து நிமிடம் தாருங்கள்," என்றாள் தேனுஜா.

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே நடந்தாள்.



டோனர் தலையைத் தூக்கவில்லை...

அவள் அதன் நெற்றியில் கை வைத்தாள். அசைவில்லை. கண் இமை பாதி மூடியிருந்தது. கீழுதடு தொங்கி, எச்சில் நூலாக வைக்கோல் வரை வழிந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் நிற்கவே அது பாடுபட்டது.

அவள் குனிந்து குளம்புகளைப் பார்த்தாள். ஊர்வலத்துக்காகக் காலையில் பூசிய எண்ணெய் அப்படியே மினுங்கியது. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. தொடைக்கு மேலே, மயிருக்குள், ஊசி ஏறிய இடத்தில் கடுகளவு இரத்தம் காய்ந்திருந்தது.

பிறகு கெஸ்லரின் பிடரியைப் பார்த்தாள். ஒரேயொரு காயம். ஒடுக்கமாக, நேர்கோடாக.

வெளியே வந்து வோல்ட்டர்ஸிடம் சொன்னாள். இந்த மாட்டுக்கு மயக்க மருந்து ஏற்றப்பட்டிருக்கிறது. மிதித்திருந்தால் குளம்பில் இரத்தம் இருக்கும், இல்லை. கொம்பு நுனி அறுத்த மாடு, அது இப்படி ஒரு கோடு கீற முடியாது. கெஸ்லரை அடித்தது ஏதோ ஓர் இரும்பு. அதைப் பிடித்தது ஒரு மனிதக் கை.

"கொலை என்கிறீர்கள்."

"கொலைதான்."

வோல்ட்டர்ஸ் அவளைக் கண்வெட்டாமல் பார்த்தாள். அந்த மருந்து இங்கே யாரிடம் இருக்கும் என்று கேட்டாள்.



"என்னிடம்," என்றாள் தேனுஜா.

காரிலிருந்து பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். திறந்தாள். நான்கு சின்னப் போத்தல்கள் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று நின்றன.

டோனி சிரித்தான். காலையில் இவள் அவருக்குச் சொன்னதை இருநூறு பேர் கேட்டோம் என்றான். இன்றைக்கே கதையை முடிப்பேன் என்றாள், முடித்துவிட்டாள் என்றான். ஓம் ஓம், நானும் கேட்டேன் என்று நாலா பக்கமும் தொப்பிகள் ஆடின.

வோல்ட்டர்ஸ் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன்னோடு வாகனத்துக்கு வரும்படி சொன்னாள்.

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். அது பரவியது.

தேனுஜா இரண்டடி நடந்தாள். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. மகள் அரசாங்க வேலையில் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரியும் மனிதர். இன்று பின்னேரத்துக்குள் அவருடைய கைத்தொலைபேசியில் மகளின் படம் வரும்... பியர் நனைந்த சட்டையோடு, பொலீஸ்காரருக்கு நடுவில்.

அழுகை வரப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டு யோசித்தாள்.

பெட்டி காலை முழுக்கப் பூட்டிய காருக்குள் இருந்தது. ஒரு தடவைதான் திறந்தாள்.

ஒரே ஒரு தடவை.

களிம்பு எடுக்க!

கையுறை தேடி முன் இருக்கைப் பக்கம் போனபோது, திறந்த பெட்டியருகே நின்றது ஒரே ஓர் ஆள்.

அவள் திரும்பினாள்.

யோசப் அவளைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை."

அவர் மெல்லத் திரும்பினார்.

"என்ர பெட்டியிலயிருந்து எடுத்தது நீங்கள்தானே?"

சுற்றிலும் ஆயிரம் பேர். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. வோல்ட்டர்ஸ் மட்டும் கையைத் தூக்கிப் பொலீஸ்காரரை நிறுத்தினாள்.

"ஓம் பிள்ளை," என்றார் யோசப். "மூண்டு வருசமாக் குடுக்கிறன். கொஞ்சமா, அதின்ர பயம் குறையிற அளவுக்கு. பழைய மாட்டு டொக்டர் விட்டிட்டுப் போன மருந்து முடிஞ்சு போச்சு. உங்களிட்டைக் கேட்டாத் தரமாட்டீங்கள்."

"கெஸ்லர்?"

"ஊசி போடேக்க வந்திட்டார். கையில அந்தப் பட்டையும், மாட்டை விரட்டுற கறண்ட் தடியும். நீங்கள் வேண்டாம் எண்டதைக் கதவைச் சாத்திப்போட்டுக் கட்டப் பாத்தவர். என்னைக் கண்டிட்டுக் கையைப் பிடிச்சு இழுத்தார். முழு மருந்தும் ஏறிப்போச்சு. மாடு தள்ளாடுது... அந்த நேரம் பாத்துத் தடியை அதின்ர முகத்தில வைச்சார், பிள்ளை. ஒருக்கா இல்லை. நாலு தரம்."

அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கினார்.

"கதவின்ர தாழ்க்கம்பி என்ர கையில இருந்தது."

தேனுஜா பட்டிக் கதவைப் பார்த்தாள்.

"மாடு மிதிச்சுச் செத்தவர் எண்டு சொல்லுவினம், கவனக்குறைவு எண்டு என்னை வேலையால கலைப்பினம், அவ்வளவுதான் எண்டு நினைச்சன்," என்றார் யோசப். "மாட்டைச் சுடுவினம் எண்டு நான் நினைக்கேல்லை."

அவர் அவளிடம் மாட்டைப் பாருங்கள் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னால் என்ன வரும் என்று தெரிந்தேதான் சொன்னார்.

அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று வோல்ட்டர்ஸ் கேட்டாள்.

தேனுஜா யோசப்பைப் பார்த்தாள். பொய் சொல்ல வழி இருந்தது. மாட்டுக்காக அழுகிறார் என்று சொன்னால் எவர் கண்டார்கள்? ஆனால் அந்த வழியில் அவளுடைய கையில் விலங்கு ஏறும்.

"சொல்லுங்கோ பிள்ளை," என்றார் அவர். "எனக்கு இப்ப ஜெர்மன் வாயில வருகுதில்லை. நீங்கள் சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். ஒவ்வொரு வசனமாக. கறண்ட் தடியைச் சொன்னாள். நாலு தரம் என்பதைச் சொன்னாள். கெஸ்லரைத் தள்ளிவிட்டதில் கம்பி பட்டுவிட்டது என்று சொன்னபோது அவளுடைய குரல் தடுமாறியது.

யோசப் குறுக்கிட்டார்.

"தள்ளினது எண்டு சொல்லாதேங்கோ. அடிச்சன். சரியாச் சொல்லுங்கோ."

முப்பது வருட ஜெர்மன் அவருக்குக் காதிலிருந்து போய்விடவில்லை.

அவள் திருத்திச் சொன்னாள்.

கம்பி எங்கே என்று வோல்ட்டர்ஸ் கேட்டாள். யோசப் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். ஒரு பொலீஸ்காரர் கையை முழங்கை வரை விட்டு அதை எடுத்தார். வைக்கோலைக் கிளறியபோது கெஸ்லரின் உடலுக்குக் கீழே பட்டையும் கறண்ட் தடியும் கிடைத்தன.

டோனியின் முகம் வெளுத்துவிட்டிருந்தது. பங்காளி செத்ததற்கு அல்ல. மூன்று வருடமாகத் தான் அடக்கியது பாதி மயக்கத்தில் நின்ற மாட்டை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டமும் இப்போது அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த மாடு இனி என்னுடையது, இன்றைக்கே இறைச்சிக்கு அனுப்புகிறேன் என்று அவன் சீறினான்.

யோசப்பின் கையில் விலங்கு பூட்டினார்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தேனுஜாவைப் பார்த்தார்.

தேனுஜா வோல்ட்டர்ஸிடம் திரும்பினாள். அந்த மாட்டின் உடம்பில் மருந்து இருக்கிறது, முகத்தில் கறண்ட் சுட்ட அடையாளம் இருக்கும், இரண்டும் வழக்குக்கு வேண்டும் என்றாள். சாட்சியத்தை இறைச்சிக்குப் போட எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று கேட்டாள்.

வோல்ட்டர்ஸ் வேலிக்கு மேலாக மாட்டின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடையாள அட்டையைத் தேனுஜாவிடம் திருப்பிக் கொடுத்தாள். வழக்கு முடியும்வரை மாடு அரசாங்கத்தின் பொறுப்பு, தொட்டவன் உள்ளே போவான் என்று டோனியின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

வாகனம் வரை தேனுஜா யோசப்போடு நடந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒருவரும் இல்லை. பியர்க் கிண்ணம் எறிந்தவன் வேறு கிண்ணத்தோடு நின்றான்.

அவர்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. தன்னைப் பொலீஸ் கொண்டுபோகும்போது வாய் திறக்காமல் நின்ற மனிதர். ஆனாலும் அவர் வாகனத்தில் ஏறும்போது தலை இடிக்காமல் கையை வைத்துப் பிடித்தாள்.

"டோனரை ஒருவரும் தொடேலாது, அண்ணை. நான் எழுதி வாங்கிறன். வழக்கு முடியுமட்டும்."

யோசப் நிம்மதியாக இருக்கையில் சாய்ந்தார்.

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"ஒண்டரை வருசம். சிலவேளை ரெண்டு."

அவர் வோல்ட்டர்ஸின் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார்.

"அப்ப அவவிட்டைச் சொல்லுங்கோ, பிள்ளை... எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆறுதலா விசாரிக்கட்டும்."