நீலப் பெட்டி எப்போது காலியானது?

பெட்டிக்குப் போட்ட முத்திரை, திரும்ப வாங்கும்வரை அறுபடாமல் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த மருந்துதான் இல்லை.

மாலை மூன்று மணி. விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில், பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ளும் கவுன்டர். காலையில் வந்து இறங்கி, அடுத்த விமானத்துக்கு நேரம் கிடக்கிறதே என்று மூட்டை முடிச்சுகளை இங்கே தள்ளிவிட்டு ஊர் சுற்றப் போனவர்கள், வெயிலில் வதங்கித் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் அவசரம். அந்த அவசரத்துக்கு நடுவே, நீலப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கத்தினார்.

"மருந்து எங்க? என் தங்கச்சி பொண்ணோட மருந்து எங்க?"

அவர் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போடாதவனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிற ரகம். பக்கத்தில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தங்கை மகளுக்கு ஆறு வயது. நாளை மதியத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். அந்த மருந்து குழந்தை இருக்கும் ஊரில் கிடைக்காது என்பதால்தான் குளிர்ப்பெட்டியில் வைத்து, இரண்டு விமானம் மாறி, இவர்களே எடுத்துப் போகிறார்கள்.

"முத்திரை எல்லாம் இந்தம்மா கையிலதானே இருக்கு? அறுத்து எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு மாட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவர் கவுன்டர்க்காரம்மாவைப் பார்த்து விரலை நீட்டினார்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "என் பெட்டியையும் திறந்து பார்க்கணும் போலிருக்கே," என்று ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தார். கவுன்டர்க்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தன் கைப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். சீப்பு, சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் காவல் உதவி ஆய்வாளர் வந்து சேர்ந்தார். குட்டையான பெண்மணி. அவருக்குச் சக காவலர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'தலைவலி'. பெரிய கேள்வி எதுவும் கேட்கமாட்டார். ஒன்றுக்கும் உதவாத சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டு உயிரை எடுப்பார். தன் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எல்லாரும் உள்ள வாங்க. பெட்டியும் வரட்டும். யாரும் அதுல கை வைக்காதீங்க," என்றார் தலைவலி.

கவுன்டருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மேசை, நாற்காலிகள், மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். முதலில் கவுன்டர்க்காரம்மா.

"பெட்டிய எப்ப வாங்கினீங்க?"

"காலையில ஏழு மணி இருக்கும் மேடம்."

"முத்திரை?"

"அவங்க கண்ணு முன்னாடிதான் போட்டேன். முத்திரையில நம்பர் இருக்கும். அதே நம்பர் அவங்க சீட்டுலயும் இருக்கும்."

தலைவலி சீட்டை வாங்கி, அறுத்துப் போட்ட முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதே நம்பர்தான்.

"நடுவுல எங்கயாவது போனீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போனேன் மேடம். பையன் போன் பண்ணினான். சண்டை. அழுதுட்டே வெளிய போயிட்டேன், பத்து நிமிஷம். போயிருக்கக் கூடாது. என் தப்புதான்."

"பெட்டிய எங்க வச்சீங்க?"

"அலமாரியில."

"மருந்துப் பெட்டிய அலமாரியிலயா? இதோ ஃப்ரிட்ஜ் இருக்கே."

"கேட்டா வைப்போம். வெளிய போர்டே மாட்டியிருக்கோம். அவர் கேட்கல மேடம். மருந்துன்னே சொல்லல. நான் ஏதோ சாப்பாட்டுப் பெட்டின்னு நினைச்சேன்."

தலைவலி எழுந்து வெளியே போய்ப் பார்த்தார். போர்டு, பயணிகள் கையெழுத்துப் போடும் இடத்துக்கு நேர் மேலே தொங்கியது. குனிந்து நிமிர்ந்தால் மூக்கில் இடிக்கும்.

அடுத்து, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ஆள். ஊதினால் பறந்துவிடுவார் போன்ற உடம்பு, பெயர் மட்டும் 'பயில்வான்'. கேட்பதற்கு முன்னாலேயே கையைக் கூப்பிவிட்டார்.

"மேடம், அந்தம்மா வெளிய போனப்ப நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். சொல்லிட்டுத் தூங்கிட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, அந்தம்மாவை விட்ருங்க."

"தூங்கினா குறட்டை வருமா?"

"வரும் மேடம். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மூன்றாவதாக மனைவி. அவள் வரும்போதே அழுதுகொண்டு வந்தாள்.

"எல்லாம் என்னாலதான் மேடம். புது ஊருக்கு வந்துட்டு நாள் பூரா இங்கயே உட்கார்ந்திருக்கணுமான்னு மனசுக்குள்ள நினைச்சேன். குழந்தை அங்க அப்படிக் கிடக்கறா, நான் இங்க ஏரியில படகுல போனேன். கடவுள் கூலி கொடுத்துட்டார்."

"ஊர் சுத்தலாம்னு நீங்க கேட்டீங்களா?"

"வாயே திறக்கல. அவரேதான் சொன்னார். எனக்கே ஆச்சரியம். கடைக்குப் போனாக்கூட பத்து நிமிஷத்துல கிளம்புன்னு சொல்ற மனுஷன்."

"பெட்டிய யார் அடுக்கினது?"

"அவர்தான். முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகையே பார்த்தார்."

"என்னது, ஒத்திகையா?"

"அவர் வேலை அப்படி மேடம். எதையும் ஒரு தடவை செஞ்சு பார்க்காம விடமாட்டார். இந்தப் பக்கம் ரெண்டு ஐஸ் கட்டி, அந்தப் பக்கம் ரெண்டு, நடுவுல மருந்து டப்பா. ஒரு விரல் நுழையாது, அவ்வளவு கச்சிதம். மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அப்புறம் எல்லாத்தையும் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டார்."

"ராத்திரி கிளம்பறப்ப அடுக்கினதைப் பார்த்தீங்களா?"

"சமையலறைப் பக்கமே விடல. 'நீ கை வச்சா ஏதாவது மறந்துபோகும்'னார். கார் வேற வாசல்ல ஹாரன் அடிச்சுட்டே இருந்தது."

"விமானத்துல?"

"கொஞ்ச நேரம் மடியிலயே வச்சிருந்தார். அப்புறம் பணிப்பெண்கிட்ட ஐஸ் கேட்டாராம். ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கொடுத்தாங்களாம். அதை உள்ள வச்சு மூடினார். நான் அப்பதான் தூக்கத்துலேர்ந்து முழிச்சேன். அதுக்கப்புறம் பெட்டிய சீட்டுக்கு அடியில தள்ளிட்டார். அப்பாடா, இப்பதான் மனுஷன் கொஞ்சம் நிம்மதியா இருக்கார்னு நினைச்சு நானும் தூங்கிட்டேன்."

"விமான நிலையச் சோதனையில யாராவது பெட்டியைத் திறந்தாங்களா?"

"இல்ல மேடம். வரப்பவும் அவர் கையிலதான் இருந்தது."

ஒரு திருட்டுக்கு இதுவரை மூன்று பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. எடுத்தவர் மட்டும் இன்னும் அகப்படவில்லை. தலைவலி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தார். நான்கு ஐஸ் கட்டிகளும் இளகிப்போய் இருந்தன. நடுவில், பனிக்கட்டி கரைந்து தண்ணீராகிவிட்ட பிளாஸ்டிக் பை. வாய் இறுகக் கட்டியிருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அவர் வெகுநேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார்.

"ஏம்மா, அந்த மருந்து டப்பா எந்த அளவு இருக்கும்? இங்க இருக்கறதுல ஒண்ணைக் காட்டுங்க பார்ப்போம்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடினாள். அலமாரியிலிருந்த டீத்தூள் டப்பாவைக் காட்டினாள். "இதேதான் மேடம். ஒரு நூல் கூடக்குறைய இருக்கலாம்."

"உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

பாதுகாப்பு அதிகாரி வந்தார். வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். "இங்க உட்கார்ந்து பேசிட்டே இருந்தா திருடின பொருள் ஊரைத் தாண்டிடும். அந்தம்மா வீட்டைச் சோதனை போட்டீங்களா?"

"உட்காருங்க சார். ரெண்டே கேள்வி. காலையில ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்லி ஏன் கேட்கல?"

"பெட்டிக்குள்ளயே ஐஸ் இருந்ததே."

"ராத்திரி போட்ட ஐஸ். வெளிய வெயில் கொளுத்துது. விமானத்துல பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஐஸ் வாங்கின ஆளு, மூக்குக்கு நேரா ஃப்ரிட்ஜ் இருக்குன்னு போர்டு தொங்கறப்ப கேட்காம அலமாரியில வைக்க விட்டுட்டுப் போவாரா?"

"கவனிக்கல. மனுஷன்தானே."

"சரி. இப்ப நீங்க அடுக்கின மாதிரியே அடுக்கிக் காட்டுங்க." தலைவலி டீத்தூள் டப்பாவை நீட்டினார்.

அவர் கை வாங்கவில்லை. தலைவலியே அடுக்கினார். இரண்டு பக்கமும் ஐஸ் கட்டிகள், நடுவில் டப்பா. கனகச்சிதம். பிறகு தண்ணீர்ப் பையை எடுத்து மேலே வைத்து மூடியை அழுத்தினார். மூடவில்லை. பக்கவாட்டில் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. டப்பாவை வெளியே எடுத்தார். பை அந்தப் பள்ளத்தில் போய் அமர்ந்தது. மூடி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மனைவி மூடியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"எல்லாரும் பெட்டி எங்க காலியாச்சுன்னு தேடினீங்க. நான் எப்பன்னு தேடினேன்," என்றார் தலைவலி. "முத்திரை மாறல, நம்பர் அதேதான். அப்ப இங்க வரதுக்கு முன்னாடியே பெட்டி காலி. விமானத்துல இந்த ஐஸ் பை உள்ள போயிருக்கு. டப்பா உள்ள இருந்தா இது போகவே போகாது. கரைஞ்ச தண்ணிக்கே இடம் பத்தல, கட்டியா இருந்தப்ப எப்படி? அப்ப ஐஸ் வாங்கின நேரத்துலயே டப்பா இல்ல. திறந்தீங்க, பார்த்தீங்க. மனைவி முழிச்சுட்டாங்க. கையில இருந்ததைத் திணிச்சு மூடிட்டீங்க. அதுவரைக்கும் மடியில இருந்த பெட்டி அதுக்கப்புறம்தான் சீட்டுக்கு அடியில போச்சு."

"நான்..."

"மருந்து திருடு போகல சார். உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. ஒத்திகை பார்த்ததுதான் வினையாப் போச்சு. அடுக்கின ஞாபகம் மனசுல அவ்வளவு பத்திரமா இருந்தது. கார்க்காரன் ஹாரன் அடிச்சான். ஐஸ் கட்டியை மட்டும் எடுத்து வச்சு, மூடிட்டுக் கிளம்பிட்டீங்க."

பாதுகாப்பு அதிகாரி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"திருடு போச்சுன்னா யாரோ ஒரு பாவி செஞ்சதுன்னு போயிடும். மறந்துட்டேன்னா நான் செஞ்சது," என்றார். "இருபது வருஷமா கவனக்குறைவு, கவனக்குறைவுன்னு ஊரையே திட்டிட்டு இருக்கேன். என் வாயால எப்படிச் சொல்வேன்? படகுல ஏறினப்ப சொல்லிடலாம்னு நினைச்சேன். இறங்கினதும் சொல்லிடலாம்னு நினைச்சேன்."

"அடப்பாவி மனுஷா!" மனைவியின் குரல் உடைந்தது. "காலையிலயே சொல்லியிருந்தா, மாடியில இருக்கற என் தம்பி மத்தியான விமானத்துலயே மருந்தைக் கொண்டுவந்திருப்பானே! இன்னைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாமே! எனக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தீங்களே, அப்பக்கூடவா வாய் வரல?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினான். பால் பாக்கெட்டுக்குப் பின்னால் டப்பா பத்திரமாக இருந்தது. மாலை விமானத்தில் ஒரு இடம் கிடைத்தது. இரவு அவன் இங்கே வந்துவிடுவான். இவர்கள் இன்றைய விமானத்தை விட்டுவிட்டு விடியற்காலை விமானத்தில் போனால், நாளை மதியத்துக்குள் மருந்து போய்ச் சேரும். நூலிழையில்தான் சேரும்.

"அதுவரைக்கும் குளிர்ல வைக்கணுமே," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு மூலையிலிருந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

கவுன்டர்க்காரம்மா கதவருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

பாதுகாப்பு அதிகாரி எழுந்து அவளிடம் போனார். "அம்மா, என்னை மன்னிச்சுடுங்க."

"மருந்தை வைக்கிறேன்," என்றாள் அவள். "குழந்தைக்குன்னு வந்தா அதுல பேச்சே இல்ல. ஆனா மன்னிப்பை இந்த அறைக்குள்ள வச்சுக் கேட்காதீங்க. திருடின்னு சொன்னது வெளிய, வரிசை முன்னாடி."

"அப்ப நின்னவங்க எல்லாம் போயிருப்பாங்களே."

"போயிட்டாங்க. என்னைத் திருடின்னு நினைச்சுட்டே போயிட்டாங்க. அதை இனி யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப நிக்கறவங்ககிட்டயாவது சொல்லுங்க."

"பொய்ப் புகாரைப் பத்தி நாம அப்புறம் பேசுவோம். முதல்ல போய்ச் சொல்லுங்க," என்றார் தலைவலி.

அவர் வெளியே போனார். புது வரிசை, புது முகங்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"இந்தம்மா மருந்தைத் திருடிட்டாங்கன்னு நான் சொன்னேன். அது பொய். மருந்தை வீட்டுல மறந்துட்டு வந்தது நான்தான். என் தங்கச்சி பொண்ணுக்கு வச்சிருந்த மருந்து."

வரிசையின் முதலில் நின்ற பெரியவர் தன் சீட்டை நீட்டாமல் அவரையே பார்த்தார். "தங்கச்சிகிட்டச் சொல்லிட்டீங்களா தம்பி?"

இல்லை. அதைத்தான் இன்னும் சொல்லவில்லை. அவர் ஓரமாகப் போய் நின்று போனை எடுத்தார். ஒரே மணியில் தங்கை எடுத்துவிட்டாள்.

"அண்ணா! கிளம்பிட்டியா? ராத்திரி வந்துடுவதானே? இவ தூங்க மாட்டேங்கறா, மாமா எப்ப வருவார், மாமா எப்ப வருவார்னு கேட்டுட்டே இருக்கா."

"ராத்திரி வரமாட்டேம்மா. நாளைக்குத்தான். மருந்தை... மருந்தை நான் வீட்டுலயே மறந்துட்டேன். இப்ப வந்துட்டு இருக்கு. மத்தியானத்துக்குள்ள எப்படியும் வந்துடுவேன்."

"எப்பண்ணா தெரிஞ்சது?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. அவருக்கு அதற்கான தெம்பு இல்லை.

"விடியறதுக்கு முன்னாடியே. விமானத்துலயே."

"விடியறதுக்கு முன்னாடியா? இப்ப சாயங்காலம் ஆயிடுச்சேண்ணா." அவள் குரலில் கோபம்கூட இல்லை, புரியாமல் கேட்டாள். "அப்ப பகல் பூரா என்ன பண்ணிட்டு இருந்த?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஊர் சுத்திப் பார்த்தேம்மா," என்றார்.