பதினாறு சுறாப் பற்கள்

கவேஹிக்கு அலுத்துவிட்டது. விரல் நுனிகள் எரிந்தன, கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக அவள் சுறாப் பற்களில் துளை போட்டு, துடுப்பு மாதிரியான ஒரு மரத்தடியின் ஓரத்தில் நார்க்கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தீவுப் பள்ளியில் இருவருக்கு ஓர் ஆயுதம் என்று வேலை கொடுத்திருந்தார்கள். முன்னோர் செய்தபடியே செய்து, நாளைக் காலை அதை இருவரும் சேர்ந்து பிடித்தபடி எல்லோர் முன்னும் நிற்க வேண்டும். அவளுடைய கூட்டாளி கைமி தடியைத் தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். பற்களை மட்டும் தொடவில்லை.

"நீயும் ரெண்டு பல்லு கட்டேன்டா."

"இங்க சொரசொரப்பா இருக்கு. தேய்ச்சுட்டு வரேன்."

"இன்னும் தேய்ச்சா பல்குச்சிதான் மிஞ்சும்."

பதினாறாவது பல்லையும் அவளே கட்டி முடித்தாள். "இந்தா பிடி. நாளைக்கு எப்படி நிக்கிறதுன்னு பாப்போம்."

கைமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியது.

"எங்க வீட்ல சுறாவைத் தொடக் கூடாது. செத்துப்போன கொள்ளுத்தாத்தா இப்ப சுறாவாத்தான் இருக்காரு. அப்பா படகுக்குக் காவலா வருவாரு."

கவேஹி சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்குக் காவல் ஆந்தை. ஆந்தை இறகை யாராவது நீட்டினால் அவளும் இப்படித்தான் நின்றிருப்பாள்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நான் வர்றதுக்குள்ள நீ நாலு பல்லுல ஓட்டை போட்டுட்ட. எப்படிச் சொல்றது?"

பதினாறு முடிச்சுகளையும் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. வெட்டினால் கயிறு வீணாகிவிடும். பெருமூச்சு விட்டுவிட்டு முதல் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தாள்.

"அப்ப நாளைக்கு எதைப் பிடிச்சுட்டு நிக்கிறது?" என்று கைமி கேட்டான்.

"காலை வாருற தடின்னு டீச்சர் காட்டுனாங்கல்ல? நீளக் கயிறு கட்டி வீசினா எதிரி காலைச் சுத்திக்குமே, அது. தடி இருக்கு, கயிறும் இருக்கு."

கைமி ஓர் அகலமான இலையை விரித்துப் பிடித்தான். அவள் பற்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தாள். "அப்பா இதைக் கடல்லயே விட்டுருவாரு," என்றான்.

கடைசிப் பல்லும் இலையில் விழுந்தபோது அவள் விரல்கள் மடங்க மறுத்தன. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். கைமி கயிற்றுத் துண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். துண்டோடு துண்டாக முடிந்து நீளமாக்கி, தடியில் கட்டினான். பிறகு ஒரு நாற்காலியின் காலைக் குறிபார்த்து வீசினான்.

தடாலென்று சத்தம்.

"யாரு விழுந்தது?" என்று அடுத்த அறையிலிருந்து டீச்சர் கேட்டார்.

"நாற்காலிதான் டீச்சர்," என்றான் கைமி. "மெதுவாப் பேசுங்க, கவேஹி தூங்குறா."