சுருக்கினாலும் குறையாது

கடற்கரைக் காட்சியில் ஒரு பெண் குறைந்திருந்தாள்.

தவராஜா கண்ணாடியைக் கழற்றி, உடுத்தியிருந்த சாரத்தின் நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். லண்டனிலிருந்து வந்த அசல் புளூரே வட்டில் அவள் இருந்தாள். கதாநாயகன் இடுப்பில் கைவைத்து அலைகளை நோக்கி முழங்குகிற இடத்தில், அவனுக்குப் பின்னே திரண்டு நிற்கும் மீனவச் சனத்தின் இடது ஓரத்தில், மஞ்சள் பிளாஸ்ரிக் குடத்தை இடுப்பில் ஏந்தியபடி நின்றாள். அவர் சுருக்கியெடுத்த கொப்பியில் அவள் இல்லை. குடமும் இல்லை. அவள் நின்ற இடத்து மணல், யாரோ இப்போதுதான் உள்ளங்கையால் தடவிவிட்டதுபோல வழுவழுவென்று கிடந்தது. நிழல் மட்டும் இருந்தது. குடம் ஏந்திய ஒரு பெண்ணின் நீண்ட நிழல், கால்கள் இல்லாத இடத்திலிருந்து புறப்பட்டுத் திரையின் விளிம்புவரை நீண்டிருந்தது.

"என்கோடிங் எரர்," என்று தவராஜா தீர்ப்பு வழங்கினார். விளங்காத எதற்கும் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டால் அது தமக்குக் கட்டுப்பட்டுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

பகலெல்லாம் டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்து இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில், பன்றித் துண்டுகளைப் பொலித்தீன் உறையிலிட்டுக் காற்றை உறிஞ்சும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவர் அவர். வேலை முடிந்து தம் வீட்டு நிலவறைக்குள் இறங்கியதும் 'உயர்தர டிஜிற்றல் வடிவமைப்பு நிபுணர்' ஆகிவிடுவார். தாமே அச்சடித்த அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தார். அதன் கீழே, பொன்னிற எழுத்தில், 'சுருக்கினாலும் குறையாது'. ஒரு பெரிய புளூரே படத்தைச் சாதாரண டிவிடி ஒன்றுக்குள் அடக்குவதுதான் அவர் வித்தை. கணினி படத்தை இரண்டு சுற்றுப் பார்க்கும். முதல் சுற்றில் எங்கே என்ன இருக்கிறது என்று படித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில், கண் தேடாததையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதும். படத்தின் சில பகுதிகளை மட்டும் குறித்துக்கொடுத்து, இங்கே இன்னும் கூடக் கழி என்று கட்டளையிடவும் முடியும். அப்படிக் குறிக்கும் பகுதிக்கு அவர் வைத்திருந்த தூய தமிழ்ப் பெயர் 'வலயம்'. பன்றியிலிருந்து காற்றை எடுக்கிற வேலைதானே என்று யாராவது கேட்டால் இரண்டு நாள் பேசமாட்டார்.

படம் சனிக்கிழமை விழாவுக்கு. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி மாதம் அது. வன்னியில் போர் கடைசிக் கடற்கரைக்கு வந்திருந்தது. உறுப்பினர்களைவிடப் பதவிகள் அதிகம் உள்ள அவர்களுடைய கலை மன்றம் சித்திரைக் கொண்டாட்டத்தைத் தள்ளிவைத்து, இப்போது 'உறவுகளுக்காய் ஓர் எழுச்சி மாலை' என்று பெயர் மாற்றியிருந்தது. கொத்துரொட்டிக் கடை மாறவில்லை. ஒரு தனி மனிதன் கடலோரக் கிராமத்தையே காப்பாற்றுகிற இந்தப் படமும் மாறவில்லை. மன்றத் தலைவர் அல்பேட் பின்னேரம் நேரிலேயே வந்து நிலவறைப் படியில் நின்று உத்தரவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணை, நாயகன்ர முகத்தில ஒரு மயிர்கூட மங்கக்கூடாது. போனமுறை நீங்கள் காட்டினதில ஆள் அவிச்ச கிழங்கு மாதிரி."

"அது புறொஜெக்டர்ர பிழை, தலைவர்."

"எதின்ர பிழையோ. பிரெடெரிசியாவில இருந்து பேச்சாளர் வாறார். மானத்தை வாங்கிப்போடாதேங்கோ."

"பின்னால நிக்கிற சனத்தில கொஞ்சம் கழிச்சனெண்டா முகத்துக்கு இடம் கிடைக்கும்."

"கழியுங்கோ, கழியுங்கோ. சனத்தை ஆர் பாக்கிறான்?"

தவராஜா கடற்கரைக் காட்சிகளை வலயமாகக் குறித்தது அதற்குப் பிறகுதான்.

அவர் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி சுருக்கவிட்டார். மேலே, கூடத்தில், தொலைக்காட்சி இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தது. மனைவி சுசீலாதேவி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். அவருடைய ஒரே தம்பி கோணேசன், மனைவி பிள்ளைகளோடு, வன்னியின் அந்தக் கடைசிக் கடற்கரையில்தான் இருந்தான். பல வாரமாகக் குரல் இல்லை. இன்று மாலை ஒருவர் தம் செய்மதித் தொலைபேசியை அவனிடம் ஒருமுறை கொடுப்பார் என்று செய்தி வந்திருந்தது.

"ஒருக்காத்தான் குடுப்பினமாம்," என்று சுசீலாதேவி படியின் உச்சியிலிருந்து சத்தம் போட்டாள். "மேல வந்து இருங்கோவன். தம்பிக்காரன் எடுக்கேக்க நீங்கள் நிக்கவேணும்."

"வந்தாக் கூப்பிடு. ரெண்டு பாய்ச்சல்ல வந்திடுவன்."

"அங்க சனம் சாகுது. உங்களுக்குப் படம்."

"இது படம் இல்லையப்பா. எழுச்சி மாலை."

படியின் மேல்கதவு சாத்தப்படும் ஓசை மட்டும் வந்தது.

வெளியே சூரியன் மறைய மனமில்லாமல், டென்மார்க்கின் வைகாசி மாலைகளில் அது செய்வதுபோல, பக்கத்து வீட்டுக் கூரையில் சாய்ந்துகொண்டிருந்தது. புல்தரை மட்டத்தில் இருந்த சின்னஞ்சிறு ஜன்னல் வழியாக உள்ளே வந்த வெளிச்சம் பழைய வட்டுகள் அடுக்கிய தட்டுகளிலும், சுசீலாதேவி ஊறுகாய் போட்டு மறந்துபோன போத்தல்களிலும், மூலையில் நின்ற சலவை இயந்திரத்திலும் மஞ்சளாகப் படிந்து கிடந்தது. கணினியின் விசிறி இரைந்தது. கொஞ்சநேரம் கேட்டால் அந்த இரைச்சல் ஒரே சீராக இல்லை என்று தெரிந்தது. அது எழுந்து, ஒரு கணம் நின்று, பிறகு நீளமாகப் பின்வாங்கி, மறுபடி எழுந்தது. நிலவறையில் பாசியும் உப்பும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை வந்தது. ஊரை ஒட்டிய கடற்கழியான ஃபியோர்டிலிருந்து காற்று வீசுகிறது என்று தவராஜா நினைத்தார். ஜன்னல் பூட்டியிருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தார்.

இரண்டாவது கொப்பி வந்தது.

குடத்துப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் இல்லை. அவர் தோளில் இருந்த குழந்தை இல்லை. கூட்டத்தின் இடதுபுறம் முழுவதும், வயல் அறுத்ததுபோல, ஒழுங்காக இல்லை. நிழல்கள் மட்டும் நெருக்கமாகக் கிடந்தன. தோளில் குழந்தை இருந்த நிழல் தலையை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பியது. திருப்பியதுபோல இருந்தது. நாயகனின் முகம் மட்டும் பிரமாதம். மீசையில் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியே எண்ணலாம்.

அந்த நேரத்திலும் தவராஜாவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைப்பதற்கில்லை.

அவர் நிமிர்ந்து முதுகை நெட்டிமுறிக்கப் பார்த்தார். முழங்கை எதிலோ இடித்தது. வட்டுத் தட்டு. அது எப்போதும் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது, வட்டு எடுக்க எழுந்து போகவேண்டியிருக்கிறதே என்று அவர் தினமும் சலித்துக்கொள்வது. இப்போது எழாமலே எட்டியது. அதற்கும் அவருக்கும் இடையில் இருந்த காற்று வெதுவெதுவென்று, யாரோ இப்போதுதான் வெளியே விட்ட மூச்சுபோல இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஆவி உள்பக்கம். பலபேர் ஏறி நெருங்கி நிற்கும் குளிர்காலத்து பஸ்ஸில் படிவதுபோல, மேலிருந்து கீழ்வரை. அதன் கீழ் ஓரத்தில் ஒரு சிறு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக.

கணினிச் சூடு. கொம்பியூட்டர் ஹீட். அவர் அதை உரக்கச் சொல்லியும் பார்த்தார். சொன்ன வார்த்தை அறையில் ஒலிக்கவில்லை. துணி மூட்டைக்குள் சொன்னதுபோல அங்கேயே அமுங்கிப்போயிற்று.

மேல்கதவு திறந்து சுசீலாதேவியின் குரல் வந்தது. அழுதிருந்தாள்.

"வலயத்தை இன்னும் சுருக்கிட்டாங்களாம்!"

தவராஜா திரையைப் பார்த்தார். இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திகைத்தார். பிறகுதான் விளங்கியது, அவள் தொலைக்காட்சியைச் சொல்கிறாள், வன்னிச் சனம் ஒதுங்கவென்று அறிவித்த பாதுகாப்பு வலயத்தைச் சொல்கிறாள் என்று.

"சனமெல்லாம் ஒரே கரையில நெருக்கிக்கொண்டு நிக்குதாம். கேக்குதே உங்களுக்கு?"

"கேக்குது," என்றார். அவருக்கே அது கேட்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

இதை நிறுத்திவிட்டு மேலே போகவேண்டும். முதல் தடவையாக அப்படித் தோன்றியது. அவர் கணினியை நிறுத்துவதற்கு எலியைப் பிடித்து அம்புக்குறியை நகர்த்தியபோது, திரையின் கீழே ஒரு பட்டை தானாக முளைத்தது. அதில் எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்தார்.

மூன்றாவது சுற்று.

மூன்றாவது சுற்று என்று ஒன்று கிடையாது. இத்தனை வருடத்தில் அவர் கண்டதில்லை. முதலாவது பார்க்க, இரண்டாவது கழிக்க. மூன்றாவது எதற்கு?

பட்டை நகரத் தொடங்கியது. திரையில் கூட்டம் ஓரத்திலிருந்து மெலிந்தது. ஒருவர் போனார். அவர் போன அதே கணத்தில் தவராஜாவின் முதுகுக்குப் பின்னால் மணல் நெரிபடும் ஓசை கேட்டது. இன்னொருவர் போனார். இன்னொரு காலடி. ஈரமாக. சீமெந்துத் தரையில். பிறகு மூவர். பிறகு எண்ண முடியவில்லை.

திரும்பக்கூடாது.

காதுக்குப் பின்னால் மூச்சு. இடது தோளில் ஒரு தோள். கெந்தகமும் வியர்வையும் கலந்த மணம், பால் புளித்த குழந்தை மணம். கதிரையைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். அது மெத்தென்று எதிலோ அழுந்தித் திரும்பி வந்தது. யாரோ முனகினார்கள். வலது பக்கம், விலாவில், கெட்டியாக வளைந்த ஒன்று இடித்தது. கீழே பார்த்தார்.

மஞ்சள் பிளாஸ்ரிக்.

குடம்.

மேலே தொலைபேசி அடித்தது.

ஒரு தடவை. இரண்டு தடவை. சுசீலாதேவி கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு "இருக்கிறார் தம்பி, கீழ இருக்கிறார், போனை வையாதேங்கோ!" என்றாள். மகள் நிலானி டேனிஷில் கத்தியபடி தடதடவென்று படியிறங்கும் ஓசை வந்தது.

"அப்பா! தே எர் சித்தப்பா! கொம் நூ!"

சித்தப்பாவாம். உடனே வரட்டாம். தவராஜா எழுந்தார். எழுந்தார் என்று சொல்ல முடியாது. நாலு பக்க நெருக்கத்தில் கசங்கி, பிதுங்கி மேலே வந்தார். படியடிக் கதவு அதோ இருந்தது. ரெண்டு பாய்ச்சல். ஒரு கால் வைக்க இடமில்லை. கையை மட்டும் தலைக்குமேல் தூக்க முடிந்தது. தூக்கினார்.

நிலானி கதவைத் தள்ளினாள். உள்நோக்கித் திறக்கும் கதவு. அவளுக்கு அது இலேசாகத்தான் திறந்தது. அது தள்ளிய கூட்டம் முழுவதும் ஓர் அலையாக வந்து அவரைச் சுவரோடு வைத்து அமுக்கியது. காற்று போய்விட்டது. உறையிலிருந்து உறிஞ்சியதுபோல, கடைசிச் சொட்டும் போய்விட்டது.

அவள் வாசலில் நின்றாள். கையில் தொலைபேசி. அவரை நேராகப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். *நிலானி. பிள்ளை. இஞ்ச.* வாய்க்குள் உப்பு.

அவள் கண்கள் அவரைத் தாண்டிப் போயின. கதிரைக்கு. சலவை இயந்திரத்துக்கு. ஜன்னலுக்கு. பிறகு திரைக்கு. அங்கே கொஞ்சம் நின்றன. எல்லாரும் பார்க்கிற அந்த முகத்தில்.

"ஹான் எர் ஹெர் இக்க," என்றாள் மேலே பார்த்து. பிறகு தொலைபேசிக்குள், தட்டுத்தடுமாறிய தமிழில்: "சித்தப்பா, அப்பா இங்க இல்லை."

தொலைபேசியிலிருந்து குரல் வந்தது. இரைச்சலுக்கு நடுவே, மெலிதாக, ஆனால் அவன் குரல்தான்.

"அண்ணை? அண்ணை நிக்கிறாரோ? நான் கோணேசன். கேக்குதோ? இஞ்ச இனி நிக்க..."

பெரிய ஓசை ஒன்று. பிறகு ஓசையே இல்லை.

நிலானி "சித்தப்பா?" என்றாள். "ஹலோ?" என்றாள். தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவள் பார்வை தரையில் விழுந்தது. யாருமில்லாத கதிரைக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சீமெந்தில் வளைந்து, சுவரில் ஏறி நின்ற ஒரு நிழலில். சாரம் கட்டிய ஒரு மனிதன். ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கியபடி.

அவள் அந்த நிழலுக்குரிய ஆளைத் தேடினாள். தேடி, தேடி, பின்வாங்கினாள். கதவை அறைந்து சாத்தினாள். படியில் அவள் ஓடும் ஓசை. அம்மா என்ற அலறல். அதற்குப் பிறகு மேலே இருந்து வந்தவை எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டன.

பட்டை நகர்ந்தது.

தவராஜாவின் முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. முதுகுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மயிர்கூட நுழைய இடமில்லை. அந்த இடத்தில் ஒருவர் வந்து நின்றார். புதிதாக. உடம்பு இன்னும் சூடாக. புகை மணத்தோடு. பிடரியில் அவருடைய மூச்சுப் பட்டது. சின்ன வயதில் ஒரே பாயில் படுக்கையில் படுமே, அந்த மூச்சு.

"அண்ணை," என்றது. "கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ. பிள்ளையளும் வந்திட்டினம்."

முழங்காலுக்குப் பின்னால் ஏதோ சிறியது ஒன்று நெருக்கிக்கொண்டு நுழைந்தது. பிறகு இன்னொன்று.

திரையில் நாயகன் இடுப்பில் கைவைத்து நின்றான். மீசையில் ஒரு மயிர்கூட மங்கவில்லை. அவனுக்குப் பின்னே அடிவானம்வரை வழுவழுவென்ற மணல். ஒருவருமில்லை. நூற்றுக்கணக்கான நிழல்கள் மட்டும் அங்கிருந்து புறப்பட்டு, திரையின் விளிம்பைத் தாண்டி, மேசையில் வழிந்து, தரையில் இறங்கி, அவர் காலடிவரை வந்து நின்றன.