மேசையின் அடிப்பக்கம்

மேசைக்கு அடியில் கைவைத்த காசிநாதனின் விரல் நனைந்தது. எண்ணெய்ப் புட்டியின் மூடியை அவன் இப்போதுதான் திறந்திருந்தான். மேல்பலகையில் இன்னும் ஒரு சொட்டு வைக்கவில்லை. ஆனால் அடிப்பக்கம் முழுக்க யாரோ தடவித் துடைத்திருந்தார்கள்.

"பெரியநாயகி, இதத் தொட்டியா நீ?"

சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு, கொழுந்தியாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "நான் இன்னாத்துக்கு மாமா தொடப்போறேன்? டீ வாங்கியாரேன். சாப்புடுங்க."

அவள் போய்விட்டாள். கல்வராயன் மலைப் பக்கம் மழை கட்டியிருந்தது. பட்டப்பகலிலேயே பட்டறை மங்கிக் கிடந்தது.

அடிப்பக்கத்துக்கு எண்ணெய் போடுகிறவள் அவன் மனைவி அமிர்தம்தான். அவன் இழைப்பான், அவள் தடவுவாள். மேசைக்கடியில் நுழைந்து மல்லாக்கப் படுத்துக்கொள்வாள். "யாரு குனிஞ்சி பாக்கப்போறாங்க?" என்பான். "மேல மட்டும் தடவுனா பலகை வளைஞ்சிக்கும்யா" என்பாள், மூக்கில் எண்ணெயோடு.

அவள் போய்ப் பதினொரு மாதம். எண்ணெய் ஊறின துணியைச் சுருட்டிப் போட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட வேண்டும் என்று தச்சன் எவனுக்கும் தெரியும். அன்றைக்குச் சின்னசேலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவன்தான் சுருட்டி மரத்தூள் மூலையில் எறிந்தான். உள்ளே அவள் கண்ணயர்ந்திருந்தாள். அவன் திரும்பி வந்தபோது பட்டறை எரிந்து முடிந்திருந்தது.

"அடுப்ப அணைக்காம தூங்கிட்டா" என்றுதான் ஊருக்குச் சொன்னான். பெரியநாயகிக்கும் அதையேதான் சொன்னான். அக்காவுக்கு இத்தனை அஜாக்கிரதையா என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

துணியைத் தோய்த்து, தேக்கின் ரேகையோடு நீளமாக இழுத்தான். வெளிறிக் கிடந்த பலகை எண்ணெயைக் குடித்துக் கருந்தேன் நிறத்துக்குத் திரும்ப, ஆளிவிதையின் காரவாடை தொண்டையில் இறங்க, புதுத் தகரக் கூரைமேல் முதல் தூறல் பொட்டுப்பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சர்ர். சர்ர். அதற்கும் கீழே இன்னொரு சர்ர்.

கையை நிறுத்தினான்.

அது நின்றது. ஒரு இழுப்பு தாமதமாக.

இடப்பக்கம் நகர்ந்தான். அதுவும் நகர்ந்தது. பலகை வழியே உள்ளங்கையில் சூடு ஏறியது.

"அமிர்தம்?"

அவனுக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. குனிந்து பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

"இன்னா மாமா, அழுவுறீங்க?" டீயோடு பெரியநாயகி வாசலில் நின்றாள்.

"அடுப்பு இல்ல பெரியநாயகி. துணியச் சுருட்டிப் போட்டுட்டுப் போனது நான். உங்கக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் மெல்ல, "பதினொரு மாசமா அவளத் திட்டிக்கினு இருந்தனே மாமா" என்றாள்.

சொல்லிக்கொண்டிருந்தவளின் பார்வை கீழே இறங்கியது. மேசைக்கடியில் நின்றது. டம்ளர் கைநழுவி விழுந்தது.

"அக்கா..."

விளிம்பைச் சுற்றி ஒரு கை மேலே வந்தது. கருகிய கை. உருகின வளையல் மணிக்கட்டுச் சதையோடு ஒட்டியிருந்தது. அது தடவித் தேடியது. அவன் கையைக் கண்டுபிடித்தது. மேலே படிந்தது.

அழுத்தியது. ரேகையோடு தள்ளியது.

அவன் நிறுத்தப் பார்த்தான்.

அவன் கைமேலிருந்த கை நிறுத்தவில்லை.